திங்க் டேங்க்ல இன்டர்னுக்கு என்னதான் வேலை? சிங்கப்பூர்ல இருந்து ஒரு விளக்கம்

ஜனவரி பொறந்தா போதும், இங்க என்யூஎஸ், என்டியூ யூனிவர்சிட்டிங்கள்ல மாஸ்டர்ஸ் படிக்கிற நம்ம பசங்ககிட்டேர்ந்து ஒரே கேள்வி வர ஆரம்பிச்சிடும். "அக்கா, மே லீவுக்கு ஃபாரின் பாலிசி திங்க் டேங்க் எதுலயாவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா, உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" கேக்கும்போதே அவங்க மனசுல என்ன படம் ஓடுதுன்னு தெரிஞ்சிடும். கோட்டு போட்டுக்கிட்டு தென்சீனக் கடல் பத்தி டிவில பேசுறது, தான் எழுதின வரியை அமைச்சர் எங்கயாவது படிக்கிறது, ஷங்ரிலா ஹோட்டல் லாபில தூதருங்களோட கை குலுக்குறது. நானும் மாஸ்டர்ஸ் படிக்கிறப்ப இப்படி ஒரு வெளியுறவு ஆய்வுக் கழகத்துல இன்டர்னா இருந்தவதான், அதனால அந்தக் கனவைக் கிண்டல் பண்ண மனசு வரல. ஆனா அங்க வர்ற வேலை வேற மாதிரி, அது ஏன் வேற மாதிரின்னு புரியணும்னா இந்த இடங்கள்லாம் எதுக்கு இருக்குன்னு முதல்ல பார்க்கணும்.

வெளில இருந்து பார்த்தா திங்க் டேங்க்னா கருத்து சொல்ற இடம் மாதிரி தெரியும். சிங்கப்பூர் மாதிரி சின்ன நாட்டுல அதோட பெரும்பங்கு வேலை ரெண்டு. முடிவெடுக்கிறவங்களுக்கு உக்காந்து படிக்க நேரம் இல்லாததை எல்லாம் நாம படிச்சு சுருக்கிக் குடுக்குறது ஒண்ணு. அரசாங்கம் அதிகாரபூர்வமா பேச முடியாத ஆளுங்களோட, பேச முடியாத விஷயத்தை, ஒரு ரவுண்ட்டேபிள்ல உக்கார வச்சு பேசிப் பார்க்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் அடில இருக்குற வேலை, அதாவது தேதி சரிபார்க்கிறது, நோட்ஸ் எடுக்கிறது, டேபிள் போடுறது, பழைய அறிக்கை தோண்டுறது, அதுதான் இன்டர்ன் மேசைக்கு வரும்.

யார் யார் இருக்காங்கன்னு சுருக்கமா சொல்லிடறேன். ரொம்பப் பழசு சிங்கப்பூர் அனைத்துலக விவகாரக் கழகம், 1962ல ஆரம்பிச்சது, அரசாங்கத்தோட இல்லாம தனியா நிக்கிறது. அடுத்தது 1968ல நாடாளுமன்றச் சட்டம் மூலமா வந்த தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம், 2015ல முதல் அதிபர் பேரை வச்சு ஐசியஸ் யூசோஃப் இஷாக் கழகம்னு ஆச்சு, பாசிர் பாஞ்சாங் பக்கம் ஹெங் முய் கெங் டெரஸ் மேட்டுல இருக்கு. அதே மேட்டுல என்யூஎஸ்ஸோட தெற்காசிய ஆய்வுக் கழகம், 2004ல வந்தது, இந்தியா பாகிஸ்தான் இலங்கை பங்ளாதேஷ் எல்லாம் இவங்க ஏரியா. சீனாவுக்கு 1997ல வந்த கிழக்காசியக் கழகம், அரபு நாடுகளுக்கு 2007ல வந்த மத்திய கிழக்குக் கழகம், இதுவும் என்யூஎஸ்தான். மேற்க பூன் லேல இறங்கி பஸ் புடிச்சு என்டியூக்குள்ள போனா எஸ். ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி, எல்லாரும் ஆர்எஸ்ஐஎஸ்ம்பாங்க. அது 1996ல தற்காப்பு ஆய்வுக் கழகமா ஆரம்பிச்சு 2007 ஜனவரில இந்தப் பேருக்கு மாறினது. அது திங்க் டேங்க்கும்தான், மாஸ்டர்ஸ் பட்டம் தர்ற ஸ்கூலும்தான், அதனால அங்க படிக்கிறவங்களுக்கு வாசல் கொஞ்சம் கிட்ட. தற்காப்பு அமைச்சருங்க கூடுற ஷங்ரிலா டயலாக் மாநாட்டை 2002லேர்ந்து நடத்துற லண்டன் ஆய்வுக் கழகம் ஐஐஎஸ்எஸ்க்கும் இங்க ஒரு ஆபீஸ் இருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு இந்தத் துறை புதுசு மாதிரி தோணுது, வீட்ல சொன்னா "அது என்னம்மா படிப்பு, சம்பளம் வருமா"ன்னுதான் கேப்பாங்க, ஆனா உண்மைல இந்த வீட்டைக் கட்டினதுலயே தமிழாளுங்க கை நிறைய இருக்கு. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைல 1915ல பொறந்தவர், பத்திரிகைக்காரர், லண்டன்ல சட்டம் படிக்கப் போய் பட்டம் வாங்காமலே திரும்பினவர், அவர்தான் 1965லேர்ந்து 1980 வரைக்கும் நாட்டோட முதல் வெளியுறவு அமைச்சர், 1967 ஆகஸ்ட் 8 பாங்காக்ல தென்கிழக்காசிய நாடுகள் கூட்டமைப்பான ஆசியானோட பிரகடனத்துல சிங்கப்பூர் சார்பா கையெழுத்து போட்டவர். அவரோட தனிப்பட்ட காகிதங்கள் ஐசியஸ் லைப்ரரில இருக்கு, இன்டர்னா போனா அந்த லைப்ரரியை விட்டுடாதீங்க. 1996ல என்டியூல அந்தத் தற்காப்பு ஆய்வுக் கழகம் ஆரம்பிச்சப்ப முதல் இயக்குநர் எஸ்.ஆர். நாதன், அதுக்கு முன்னாடி வாஷிங்டன்ல தூதர், அதுக்கப்புறம் 1999ல அதிபர். 2002லேர்ந்து 2012 வரைக்கும் ஐசியஸை நடத்தின கேசவபாணி உலக வர்த்தக நிறுவனத்தோட பொதுக்குழுவுக்கு 1995ல முதல் தலைவரா இருந்தவர், மலேசியாவுல ஹை கமிஷனரா இருந்தவர். அவர் காலத்துலதான் சோழர் கடற்படையெடுப்பைப் பத்தி ஒரு ஆய்வுத் தொகுப்பு 2009ல அங்கேர்ந்து வெளியாச்சு.

பெருமை பேச இதை எழுதல. இந்த மூணு பேர் வாழ்க்கையைப் பார்த்தாலே தெரியும், இங்க அமைச்சு, தூதரகம், திங்க் டேங்க் மூணுக்கும் நடுவுல இருக்குற கதவு எப்பவும் தொறந்தே இருக்கும். ஐசியஸ் கல்வி அமைச்சுக்குக் கீழ இருக்குற ஒரு ஆணைபெற்ற கழகம். மத்ததுலயும் பாதிக்கு மேல யூனிவர்சிட்டி வழியா அரசாங்கப் பணம்தான். உடனே "அப்போ இது அரசாங்கத்தோட ஊதுகுழல்தானே"ன்னு கேப்பாங்க. அவ்வளவு ஈஸியா முடிச்சிட முடியாது. வாஷிங்டன்ல இருக்குறது பெரும்பாலும் தனியார் நன்கொடைல ஓடுறது, ஆனா 2014ல நியூயார்க் டைம்ஸ் தோண்டி எடுத்து எழுதுச்சு, நார்வே மாதிரி வெளிநாட்டு அரசாங்கங்களே அங்க இருக்குற பெரிய பெரிய திங்க் டேங்க்குக்குக் காசு குடுத்து வேலை நடத்திக்கிறாங்கன்னு. காசு எங்கேர்ந்து வருதோ அங்க ஒரு இழுப்பு இருக்கத்தான் செய்யும், இங்க அது எங்கேர்ந்து வருதுன்னு வெளிப்படையாத் தெரியுது, அது ஒரு வகைல படிக்கிறவனுக்கு வசதி.

அரசாங்கம் பேச முடியாததைப் பேசுறதுன்னு சொன்னேன்ல, அதுக்கு டிராக் டூன்னு பேரு. டிராக் ஒன்னுன்னா அமைச்சருங்க, அதிகாரிங்க, கொடி, கையெழுத்து. டிராக் டூன்னா பேராசிரியருங்க, ரிட்டயர் ஆன தூதருங்க, சில சமயம் பதவில இருக்குற அதிகாரியே "நான் தனிப்பட்ட முறைல வந்திருக்கேன்"னு சொல்லிக்கிட்டு வந்து உக்காருவாரு, அதை டிராக் ஒன்றரைன்னு சொல்றாங்க. வெறும் டீ குடிக்கிற கூட்டம்னு நினைச்சிடக் கூடாது. 1988ல ஆசியான் நாட்டு ஆய்வுக் கழகங்கள்லாம் சேர்ந்து ஆசியான் ஐசிஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அவங்க 1991ல பாதுகாப்பு விஷயத்தைப் பேச ஆசியானுக்கு ஒரு நிரந்தர மேடை வேணும்னு எழுதிக் குடுத்தாங்க, 1994ல ஆசியான் வட்டார மன்றம் பாங்காக்ல முதல் தடவை கூடுச்சு. அந்த யோசனை வந்த ஒரே வழி அதுன்னு சொல்ல முடியாது, ஜப்பான் ஆஸ்திரேலியாவும் அப்ப இதே மாதிரி பேசிட்டு இருந்தாங்க, ஆனா பாதை போட்டதுல இவங்களுக்குப் பெரிய பங்கு.

இப்ப இன்டர்ன் மேசைக்கு வருவோம், எனக்கு இதுதான் ருசியான பகுதி.

முதல் வேலை பெரும்பாலும் நோட்ஸ். மூடின கதவுக்குப் பின்னாடி ஒரு ரவுண்ட்டேபிள், இருபது இருபத்தஞ்சு பேர், ஆரம்பத்துலயே சேர் பண்றவர் "சாதம் ஹவுஸ் ரூல்"னு ஒரு வார்த்தை சொல்லிடுவாரு. லண்டன்ல 1927லேர்ந்து இருக்குற விதி. கேட்ட தகவலை நீ பயன்படுத்திக்கலாம், ஆனா யார் சொன்னாங்க, அவங்க எந்த இடத்தைச் சேர்ந்தவங்கன்னு வெளில சொல்லக் கூடாது. கேக்க ஈஸி, எழுத உக்காரும்போதுதான் கஷ்டம். உதாரணத்துக்கு நானே ஒண்ணு கட்டிச் சொல்றேன். ஜகார்த்தாலேர்ந்து வந்த ஒரு பெரியவர் மியன்மார் பத்தி ரொம்ப நேரம் பேசுறாரு, "எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவுன்னு உக்காந்திருந்தா மியன்மார் நெருக்கடிக்கு ஆசியான் 2021 ஏப்ரல்ல போட்ட அஞ்சு அம்ச உடன்பாடு காகிதமாவே கிடக்கும், எங்க அமைச்சரே அலுத்துட்டாரு"ன்னு. இதை "இந்தோனேசியப் பங்கேற்பாளர் ஒருவர் கூறினார்"னு எழுதினா போச்சு, அந்த ரூம்ல இந்தோனேசியாலேர்ந்து வந்தவர் அவர் ஒருத்தர்தான். "ஒரு பங்கேற்பாளர்"னு போட்டாலும் அமைச்சர் அலுத்துட்டாருங்கிற வரி இருந்தா ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். அதனால கடைசில நிக்கிறது இவ்வளவுதான்: "கருத்தொற்றுமை முறையே ஐந்து அம்ச உடன்பாட்டின் அமலாக்கத்துக்குத் தடை என்ற கருத்து முன்வைக்கப்பட்டது." சப்புன்னு இருக்கும். ஆனா அடுத்த தடவை அந்தப் பெரியவர் மறுபடி வந்து மனசு விட்டுப் பேசுறதுக்குக் காரணமே அந்தச் சப்புதான். என்ன எழுதணும்ங்கிறதை விட எதை எடுத்துடணும்ங்கிறது இங்க பெரிய பாடம், கிளாஸ்ல இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

(செமினார் முடிஞ்சதும் வெளில மேசைல கறிபஃப், மீஹூன், கோப்பி இருக்கும். நோட்ஸை ஒழுங்கு பண்றேன்னு லேப்டாப்பை முறைச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்காதீங்க, வெளில போய் நில்லுங்க. மைக்ல சொல்லாததை எல்லாம் கறிபஃப் கையில இருக்கும்போதுதான் சொல்லுவாங்க.)

ரெண்டாவது வேலை சரிபார்க்கிறது. சீனியர் ஃபெலோ, அதாவது மூத்த ஆய்வாளர், ஒரு கமென்ட்ரி (சின்னக் கருத்துக் கட்டுரை) எழுதியிருப்பாரு, சுமார் ஆயிரம் வார்த்தை, அதுல இருக்குற ஒவ்வொரு தேதி, ஒவ்வொரு எண், ஒவ்வொரு பதவிப் பேரும் சரியான்னு நீங்க பார்க்கணும். "ஆசியானின் பத்து நாடுகள்"னு எழுதி எழுதி எல்லாருக்கும் கை பழகிப் போச்சு, 2025 அக்டோபர் 26ல கோலாலம்பூர்ல திமோர் லெஸ்டே சேர்ந்ததும் அது பதினொண்ணு. இப்ப டிராஃப்ட்ல "பத்து"ன்னு பார்த்தா, அந்த வாக்கியம் பேசுறது அதுக்கு முன்னாடி நடந்ததா அப்புறம் நடந்ததான்னு பார்த்துத்தான் திருத்தணும், கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் மாத்தினா 2021 மியன்மார் கூட்டத்துக்கும் திமோரை உறுப்பினராக் கொண்டு போய் உக்கார வச்சிடுவீங்க. இவ்வளவு சின்ன விஷயமான்னு தோணும். ஆமா, இவ்வளவு சின்ன விஷயம்தான், ஒரு கழகத்தோட பேரு நிக்கிறதும் கெடுறதும் இதுலதான்.

எண்ணுக்கு இன்னும் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஐசியஸ் ஒவ்வொரு வருஷமும் தென்கிழக்காசிய நிலவரம்னு ஒரு சர்வே வெளியிடுது, 2019லேர்ந்து. அதுல ஒரு கேள்வி, ஆசியான் கட்டாயமா ஒரு பக்கம் சேரணும்னா அமெரிக்காவா சீனாவா. 2023ல அமெரிக்கா 61.1 சதவீதம். 2024ல சீனா 50.5, அமெரிக்கா 49.5. உடனே உலகம் பூரா தலைப்பு, தென்கிழக்காசியா சீனா பக்கம் சாஞ்சிடுச்சுன்னு. 2025ல திரும்ப அமெரிக்கா 52.3. தலைப்பை மட்டும் படிச்சா இந்த ஊர் மக்கள் வருஷா வருஷம் கட்சி மாறுற மாதிரி தெரியும். டேபிள் போடுற இன்டர்னுக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். முதல் விஷயம், 2024ல பதில் சொன்னது 1,994 பேர், தெருவுல போற வர்ற பொதுமக்கள் இல்ல, ஆய்வாளருங்க, அரசு அதிகாரிங்க, தொழில் துறை, ஊடகம், இந்த மாதிரி விஷயம் தெரிஞ்ச வட்டம். ரெண்டாவது, நாடு நாடாப் பிரிச்சா அந்த ஐம்பதுக்கு ஐம்பது பெரும்பாலான நாட்டுல இல்ல. மலேசியால 75.1 சதவீதம் சீனா, பிலிப்பீன்ஸ்ல 83.3 சதவீதம் அமெரிக்கா, நடுவுல இருக்குற சராசரி பெரும்பாலான நாட்டைக் காட்டாத ஒரு எண். மூணாவது, அந்த சர்வே எடுத்தப்ப காஸா போர் உச்சத்துல, பதில் சொன்னவங்க உலக அரசியல்ல பெரிய கவலைன்னு முதல்ல வச்சதும் அதைத்தான். மலேசியா, இந்தோனேசியால அமெரிக்கா மேல வந்த கோபத்தைச் சீனா மேல வந்த பாசம்னு படிச்சா தப்பாப் போயிடும். ஒரு நல்ல இன்டர்ன் இந்த மூணு வரியை டேபிளுக்குக் கீழ எழுதிக் குடுத்துட்டா, மேல உக்காந்திருக்கிறவர் டிவில போய் உளறாம இருப்பாரு.

பழைய காகிதம் தோண்டுற வேலையை யாரும் ஆசையாப் பண்றதில்ல, அதுக்காக ஒண்ணு சொல்றேன். பெட்ரா பிராங்கா தீவு சிங்கப்பூருக்கா மலேசியாவுக்கான்னு தி ஹேக்ல அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 தீர்ப்பு சொல்லுச்சு, 12க்கு 4, சிங்கப்பூருக்கு. அந்தத் தீர்ப்புல பெரிய எடை வச்சது 1953 செப்டம்பர்ல, இப்ப மலேசியாவுல இருக்குற ஜொகூர் மாநில அரசோட தற்காலிகச் செயலாளர் சிங்கப்பூர் காலனி அதிகாரிங்களுக்கு எழுதின ஒரு சின்னக் கடிதத்து மேல, அந்தத் தீவுக்கு ஜொகூர் அரசு உரிமை கோரலைன்னு அதுல இருந்துச்சு. 55 வருஷம் கழிச்சு ஒரு பாறையோட உரிமையைத் தீர்மானிக்கிறதுல அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு பங்கு. மைக்ரோஃபிலிம் முன்னாடி தூக்கம் வரும்போது இதை நினைச்சுக்கலாம், சத்தியமா கொஞ்சம் முழிப்பு வரும்.

கருத்து எழுதுறதைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா இன்டர்னா போறவங்க எல்லாருக்கும் தன் பேர்ல ஒரு கமென்ட்ரி வரணும்னு ஆசை. சில இடத்துல ஃபெலோவோட சேர்ந்து கோ ஆத்தரா வரும், நல்ல விஷயம்தான். ஆனா இந்த ஊர்ல வெளியுறவு பத்தி எழுதுற ஒரு வரிக்கு எவ்வளவு எடைன்னு 2017 ஜூலைல எல்லாரும் பார்த்தாங்க. கத்தாரை அக்கம்பக்கத்து நாடுகள் சிலது முற்றுகை போட்டிருந்த சமயம், என்யூஎஸ்ஸோட லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளிக்கு டீனா இருந்த கிஷோர் மஹ்பூபானி, சின்ன நாடு எப்பவும் சின்ன நாடு மாதிரி நடந்துக்கணும்னு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்ல எழுதினாரு. அன்னிக்கே வெளியுறவு அமைச்சோட முன்னாள் நிரந்தரச் செயலாளர் பிலஹாரி கௌசிகன் ஃபேஸ்புக்ல அது ஆபத்தான வாதம்னே கடுமையா எழுதினாரு, அமைச்சர் சண்முகமும் எதிர்த்து எழுதினாரு. இவ்வளவு பெரிய ஆளுங்க இவ்வளவு வெளிப்படையா மோதிக்கிட்டது இங்க அபூர்வம், அதனாலயே அந்த விவாதத்தை இன்னைக்கும் வகுப்புல எடுத்துப் பேசுறாங்க. இன்டர்னா உங்க டிராஃப்ட்ல ஒரு "கட்டாயம்" "வேண்டும்"ங்கிற வார்த்தைல எடிட்டர் சிவப்புப் பேனா வச்சா அது உங்க மேல இருக்குற கோபம் இல்ல, அந்த வரி வெளில போனா எப்படிப் படிக்கப்படும்னு அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பயந்து பயந்து எழுதுறதும் இங்க உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். சில கமென்ட்ரி படிச்சு முடிச்சா எழுதினவர் என்னதான் சொல்ல வர்றாருன்னு கடைசி வரைக்கும் புரியாது. "கூர்ந்து கவனிக்க வேண்டும்"னு முடியும். எனக்கு அது பிடிக்காது.

இப்ப நம்ம பசங்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் சொல்லி நான் பார்க்கல. தமிழ் படிக்கத் தெரிஞ்சது இந்தத் துறைல ஒரு சொத்து. எல்லாரும் மாண்டரின் இல்ல பஹாசா கத்துக்கிறேன்னு ஓடுறாங்க, நல்லதுதான், ஆனா கைல இருக்குறதை சிவிலயே போட மாட்டாங்க. இந்தியா இலங்கை உறவை எடுத்துக்கங்க. கச்சத்தீவு, 285 ஏக்கர், 1974ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்துல இலங்கைப் பக்கம் போச்சு, 1976ல மீன்பிடி எல்லையைப் பத்தி இன்னொரு ஏற்பாடு. 2024 மார்ச் கடைசில, தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடி, மோடி திடீர்னு இதைக் கிளப்பினாரு. 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. டெல்லி ஆங்கிலப் பத்திரிகை மட்டும் படிக்கிற ஆய்வாளருக்கு இது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடக்குற எல்லைத் தகராறு. ராமநாதபுரம் பதிப்புச் செய்தியும் யாழ்ப்பாணத்துல வர்ற உதயன் மாதிரிப் பத்திரிகையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கிறவனுக்கு வேற கதை தெரியும். இந்தப் பக்கம் ராமேஸ்வரம் விசைப்படகு, அந்தப் பக்கம் போர் முடிஞ்சப்புறம் கடலுக்குத் திரும்பின வடக்கு மாகாண மீனவன், ரெண்டு பேரும் தமிழ்தான் பேசுறாங்க, இவன் இழுவை மடி கடலடியையே சுரண்டிட்டுப் போகுதுன்னு அவன் கத்துறான், இலங்கை 2017ல சட்டம் போட்டு அந்த முறையைத் தடை பண்ணுச்சு. சென்னைல எந்தக் கட்சியும் இதை உரக்கச் சொல்லாது, சொன்னா ஓட்டு போயிடும். ஒரு மாநில அரசியல் எப்படி ஒரு நாட்டோட வெளியுறவுக் கொள்கையையே பின்னாடி புடிச்சு இழுக்குதுன்னு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 2013 மார்ச்ல ஐநா மனித உரிமை மன்றத்துல இலங்கைத் தீர்மானம் வந்தப்ப திமுக மத்தியக் கூட்டணிலேர்ந்து வெளில வந்துச்சு, அந்த நவம்பர்ல மன்மோகன் சிங் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கே போகல. இதை எல்லாம் மூல மொழில படிச்சு அரைப் பக்கம் சுருக்கிக் குடுக்க ஆள் இருந்தா தெற்காசியா பார்க்கிற எந்த ஃபெலோவும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

இதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தமிழ்ப் பேரைப் பார்த்த உடனே "நீ இந்தியா டெஸ்க்தானே"ன்னு ஒதுக்கிடுவாங்க, நீங்க இந்தோனேசியக் கடற்படையைப் பத்தி தீசிஸ் எழுதிட்டு இருந்தாலும் சரி. பொறுமையா ஒரு தடவை சொல்லிப் பாருங்க, கேக்கலைன்னா இந்தோனேசியா பத்தி ஒரு ரெண்டு பக்கம் எழுதி நீட்டுங்க, அதுக்கப்புறம் பேச்சு மாறும்.

காசு விஷயம். அலவன்ஸ் உண்டா, எவ்வளவு வெள்ளிங்கிறது இடத்துக்கு இடம் மாறும், இன்டர்வியூலயே கேட்டுடுங்க, கேக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல. அமெரிக்கால வெள்ளை மாளிகையே இன்டர்னுக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சது 2022லதான், அது வரைக்கும் வாஷிங்டன் வாடகையை அப்பா அம்மா கட்ட முடிஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் அந்த வாசல் தொறந்துச்சு. இங்க வீடு இருக்குற பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் குறைவு, தமிழ்நாட்டுலேர்ந்து வந்து ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களுக்கு நல்லாவே இருக்கு. அவங்க ஸ்டூடன்ட் பாஸ்ல இருந்தா இன்னொரு கணக்கும் பார்க்கணும்: அங்கீகாரம் இருக்குற யூனிவர்சிட்டில முழுநேரம் படிக்கிறவங்க டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வரைக்கும், லீவுல முழுநேரமும் தனி வேலை பாஸ் இல்லாம வேலை பார்க்கலாம், ஆனா ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்துல தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். மனிதவள அமைச்சு வெப்சைட்டையும் ஸ்காலர்ஷிப் லெட்டரையும் படிச்சிட்டு அப்புறம் தேதி ஒத்துக்கங்க.

கொஞ்சம் சீரியஸா ஒண்ணு. திங்க் டேங்க் பேரு லிங்க்ட்இன் புரொஃபைல்ல ஏறின உடனே தெரியாத ஆளுங்ககிட்டேர்ந்து மெசேஜ் வரும். "உங்க எழுத்து பிடிச்சிருக்கு, எங்க கன்சல்டன்சிக்கு மூணு பக்கம் ரிப்போர்ட் எழுதித் தர முடியுமா, காசு தர்றோம்." பாதி உண்மையா இருக்கும், மீதியை நம்ப முடியாது. சிங்கப்பூர்ல பிஎச்டி படிச்சிட்டு இருந்த ஒருத்தர் 2015ல தென்கிழக்காசிய அரசியல் பத்திப் பேச பெய்ஜிங் போனாரு, அங்க திங்க் டேங்க் ஆளுங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க அவரை வளைச்சாங்க, அவங்க சீன உளவுத்துறை ஆளுங்க. அப்புறம் அவரே ஒரு போலி கன்சல்டிங் கம்பெனி பேர்ல வேலை விளம்பரம் போட்டு 400க்கும் மேல ரெஸ்யூமே சேர்த்தாரு. 2020 ஜூலைல அமெரிக்கக் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாரு, அக்டோபர்ல 14 மாசம் சிறை. முதல்ல கேட்டதெல்லாம் சாதாரண அலசல்தான், பேப்பர்ல வர்ற விஷயம்தான், கொஞ்சம் கொஞ்சமாத்தான் "வெளில வராதது ஏதாவது இருக்கா"ன்னு ஆச்சு. 2021 அக்டோபர்ல இங்க வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறினதுக்கப்புறம் எல்லாருமே இதுல உஷாரா இருக்காங்க. இப்படி மெசேஜ் வந்தா உங்க சூப்பர்வைசர்கிட்ட காட்டிடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சா என்ன? சிங்கப்பூரரா இருந்தா வெளியுறவு அமைச்சுக்கு அப்ளை பண்ணலாம், அது குடிமக்களுக்கு மட்டும். மத்தவங்களுக்கு அனாலிஸ்ட், ரிசர்ச் ஆபீசர் மாதிரி வேலை, தூதரகத்துல உள்ளூர் ஸ்டாஃப், பேங்க்கோ கன்சல்டன்சியோ பொலிட்டிக்கல் ரிஸ்க்னு ஆள் தேடுறாங்க, இல்லைன்னா பிஎச்டி. ரிசர்ச் ஃபெலோ ஆகணும்னா பெரும்பாலும் பிஎச்டி கேப்பாங்க, மாஸ்டர்ஸோட போனா ஒரு படியோட நின்னுடும். இது தெரிஞ்சு போங்க.

அப்ளை பண்றவங்களுக்குக் கடைசியா ஒண்ணு சொல்லிடறேன். ரைட்டிங் சாம்பிள் கேட்டா டெர்ம் பேப்பர்லேர்ந்து பதினஞ்சு பக்கத்தை வெட்டி அனுப்பாதீங்க, முதல் எட்டுப் பக்கம் தியரிதான் இருக்கும், யாரும் அதைத் தாண்ட மாட்டாங்க. புதுசா ரெண்டு பக்கம் எழுதுங்க. முதல் பத்தில என்ன நடந்துச்சு, ரெண்டாவதுல அது ஏன் சிங்கப்பூருக்கோ ஆசியானுக்கோ முக்கியம், அப்புறம் அடுத்து என்னென்ன நடக்கலாம். எண்ணு ஒவ்வொண்ணும் எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கேட்டா சொல்லத் தெரியணும். சிவில மொழிங்கிற இடத்துல "தமிழ், தாய்மொழி"ன்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுடாதீங்க, அதுல எதைப் படிச்சு சுருக்க முடியும்னு எழுதுங்க: சட்டமன்றத் தீர்மானம், மாவட்டப் பதிப்புச் செய்தி, யாழ்ப்பாணத்துப் பத்திரிகை, மீனவர் சங்க அறிக்கை. கவர் லெட்டரை கழகத்துக்குப் பொதுவா எழுதாம, எந்த ஃபெலோ எழுதினதை நிஜமாவே படிச்சீங்களோ அவர் புரோகிராம் பேரைப் போட்டு, அதுல உங்களுக்கு ஒத்துக்க முடியாத ஒரு இடத்தையும் மரியாதையாச் சொல்லி அனுப்புங்க. லீவு மே மாசம் ஆரம்பிக்குதுன்னா ஜனவரிலயே அனுப்புங்க, மார்ச்சுக்கு அப்புறம் எனக்கு மெசேஜ் பண்ணி "அக்கா, யாரையாவது தெரியுமா"ன்னு கேட்டா, இடம் போயிருக்கும்.